காந்த வண்டியும் வெறுங்காலும்

மலேசியாவில், ஈப்போவில் இடியாப்பம் செய்து விற்பவள் நான். அங்கே அதற்குப் புட்டு மாயம் என்று பெயர். பெயர் எதுவானால் என்ன, பிழியும் இயந்திரம் கோயம்புத்தூரில் செய்தது. அதன் திருகுத் தண்டில் மரை தேய்ந்து, மாவு கீழே இறங்குவதை விட்டுவிட்டு என் முகத்தை நோக்கி வர ஆரம்பித்தது. "செய்த ஊருக்கே கொண்டுபோய்க் கடைந்து வாங்கிக்கொண்டு வா, இங்கே யாருக்கும் அந்த அளவு பிடிபடவில்லை" என்று தங்கை கையை விரித்தாள். பொங்கல் முடிந்ததும் கிளம்பினால் தைப்பூசத்துக்குள் திரும்பிவிடலாம் என்று தண்டைத் துண்டில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டு புறப்பட்டேன். விமான நிலையத்தில் அந்தத் தண்டு பட்ட பாட்டைத் தனியாக எழுத வேண்டும்.

கோயம்புத்தூரில் கணபதி என்கிற பகுதிக்குப் பக்கத்தில் பட்டறை. பட்டறைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"செஞ்சரலாமுங்க. ஆனா இந்த மரை போடற பையன் பாதைக்குப் போயிட்டானுங்க."

"எந்தப் பாதைங்க?"

"பழனிப் பாதைங்க. அவன் நடக்கறதில்லீங்க. நடக்கறவங்களுக்குப் பாதை கூட்டறான்."

எப்போது வருவான் என்றேன். நோம்பி முடிந்ததும் வருவானாம். நோம்பி என்றால் அந்த ஊரில் திருவிழா. நான் நாற்காலியில் அழுத்தமாக உட்கார்ந்துகொண்டேன். அவர் உள்ளே திரும்பித் தெலுங்கில் மனைவியிடம் ஏதோ சொன்னார். ஈப்போவில் என் அடுத்த வீட்டார் தெலுங்கர்கள். எனக்குப் பேச வராது, காதில் விழுந்தால் புரியும். "இந்த அம்மா லேசில் எழுந்திருக்க மாட்டார் போலிருக்கிறது, ஒரு காபி போடு" என்றார். காபி பிரமாதம். எழுந்திருக்க எனக்கும் மனமில்லை.

அந்தக் காபியோடுதான் தரணி வந்தாள். பட்டறையில் கணினியில் உதிரிப் பாகங்களுக்கு வரைபடம் போடுகிற பெண், இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். சாக்கில் சுற்றிய நீளமான இரும்புச் சட்டம் ஒன்றை எடுத்துப்போக வந்திருந்தாள். அதன் அடியில் வரிசையாகக் காந்தங்கள். பழைய ஸ்பீக்கர்களிலிருந்து பிடுங்கியவை என்றாள். சூலூரிலிருந்தும் சுற்று ஊர்களிலிருந்தும் தைப்பூசத்துக்கு வெறுங்காலோடு பழனிக்கு நடக்கிறவர்கள் ஆயிரக்கணக்கில். பட்டறையும் தறியும் நிறைந்த வட்டாரம் என்பதால் பழைய இரும்பு ஏற்றிப் போகும் லாரிகளிலிருந்து கடைசலில் சீவி விழுந்த இரும்புச் சுருள்கள் சாலை முழுக்க உதிர்கின்றன. சக்கரம் வைத்த இந்தச் சட்டத்தைத் தள்ளிக்கொண்டு போனால் சுருளும் ஆணியும் தாமாக ஒட்டிக்கொள்ளும். போன வருஷம் பட்டறை இளைஞர்கள் நாலைந்து பேர் ஆரம்பித்தது, இந்த வருஷம் ஒரு டெம்போ நிறைய ஆட்கள்.

"மரை போடற கார்த்தி அங்கதானுங்க்கா இருக்கறான். நேர்ல கேட்டா மாட்டேன்னு சொல்ல மாட்டான். வாரீங்களா?" என்றாள்.

போனேன். எனக்கு வேண்டியது தண்டு. பாதையாவது பழனியாவது.

காந்திபுரத்தில் பேருந்து ஏறி உட்கார்ந்ததும் சட்டம் தன் வேலையைக் காட்டியது. இருக்கையின் இரும்புக் காலில் போய் ஒட்டிக்கொண்டது. தரணி இழுத்தாள், நான் இழுத்தேன். நடத்துநர் குனிந்தார், அவர் கழுத்தில் தொங்கிய விசிலும் போய் ஒட்டிக்கொண்டது. குனிந்தபடியே அவர், "ஏம்மிணி, டிக்கெட் எடுக்கறதுக்கு முந்தியே என்னைப் புடிச்சுப்போட்டீங்களே" என்றார். கோபமே இல்லை. எங்கள் ஊராக இருந்தால் இந்நேரம் எங்களை இறக்கிவிட்டிருப்பார்கள். சூலூர் விமானப்படை முகாமுக்குப் போகிற ஒருவர் இந்தியில் தன் கூட்டாளியிடம் சொன்னதைத் தரணி எனக்கு மொழிபெயர்த்தாள்: "இதை எல்லைக்கு அனுப்பினால் எதிரியின் துப்பாக்கி எல்லாம் நம் பக்கம் வந்துவிடும்." அவரே பிடித்து இழுத்துச் சட்டத்தை விடுவித்துக் கொடுத்தார்.

அன்றிரவு சூலூரை அடுத்த தரணியின் வீட்டில் தங்கல். தெரு முழுக்கத் தறிச் சத்தம். வீட்டில் தரணியும் அவள் அம்மா மயிலாத்தாவும்தான். அப்பா இல்லை. மயிலாத்தா தறி ஓட்டுகிறவர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். நான் போன நேரம் முக்காலி மாதிரி நிற்கும் ஒரு கருவியில், வெந்த மாவுருண்டையைப் போட்டு முழு உடம்பையும் கொடுத்து அழுத்திக்கொண்டிருந்தார். இழை இழையாக இறங்கியது. சந்தகையாம். தேங்காய்ப் பாலும் வெல்லமும் ஊற்றி ஒன்று, எலுமிச்சை பிழிந்து தாளித்து ஒன்று. மாவை முதலில் வேகவைத்துப் பிறகு பிழிகிறார்கள். நாங்கள் பிழிந்துவிட்டு வேகவைக்கிறோம். தொழில்காரி என்ற முறையில் ஒரு குறையாவது கண்டுபிடிக்கலாம் என்று நாலு தட்டு சாப்பிட்டேன். கிடைக்கவில்லை.

அப்போது ஒன்றைப் பார்த்தேன். அடுப்பிலிருந்து பாத்திரத்தை இறக்கும்போது கொதிநீர் நாலு சொட்டு அவர் வலது பாதத்தில் தெறித்தது. அவர் பாட்டுக்கு என்னிடம் மலேசியாவில் மழை எப்படி என்று கேட்டுக்கொண்டிருந்தார். தரணி ஓடிவந்து துணியால் ஒற்றினாள். அந்தப் பாதத்தில் சுண்டு விரல் இல்லை.

"சக்கரைங்க்கா. கால்ல உணர்ச்சியே இல்லை" என்றாள் தரணி. "போன வருசம் ஒரு கொண்டை ஊசி குத்தி உள்ளயே இருந்திருக்குது. தெரியவே இல்லை. விரலை எடுக்கறாப்ல ஆகிப்போச்சு. ஊட்டுக்குள்ளயே செருப்பில்லாம நடக்கக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிப்போட்டாரு. அடுத்த தடவை விரலோட நிக்காது, காலைத்தான் எடுக்கோணும்னாரு. இவங்க நாளைக்கு வெறுங்கால்ல பழனிக்குக் கெளம்பறாங்க."

"இவளுக்கு டெங்கு வந்து ரத்தம் ஏத்திக் கெடந்தப்ப வேண்டுனதுங்க" என்று மயிலாத்தா எனக்கு விளக்கினார். "புள்ளையைக் குடுத்துரு முருகா, வெறுங்கால்ல நடந்து வாரேன்னு சொன்னேன். அவன் குடுத்துட்டான். நான்தான் இந்த வருசம் அடுத்த வருசம்னு தள்ளிப்போட்டேன். வெரலு போச்சு. இன்னும் தள்ளுனா என்னென்ன போகுமோ."

விரல் போனது வெறுங்காலால் என்கிறாள் மகள். நடக்காததால் என்கிறார் தாய். இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல நான் யார்? தரணியின் பையில் ஒரு ஜோடி நீலச் செருப்பு இருந்தது. சர்க்கரை வியாதிக்காரர்களுக்கென்று ஆஸ்பத்திரியில் கொடுத்த மெத்தென்ற செருப்பு. அதை அவள் போகும் இடமெல்லாம் எடுத்துப் போகிறாள். அம்மா மனம் மாறினால் உடனே போட்டுவிட வேண்டுமாம். மாறாவிட்டால்? "அதுக்குத்தான் கூட்டறேனுங்க்கா" என்றாள்.

மறுநாள் விடிகாலையில் மயிலாத்தா மஞ்சள் சேலை கட்டி ஊர்க்காரர்களோடு நடக்கத் தொடங்கினார். நாங்கள் டெம்போவில் முன்னால் போனோம். நடப்பவர்கள் தங்கப்போகும் மண்டபத்து வாசலில் கார்த்தி துடைப்பம் கட்டிக்கொண்டிருந்தான். தண்டைக் கண்டதும் முகம் மலர்ந்து மரையை விரலால் தடவிப் பார்த்தான். "அருமையான வேலைங்க. பழனி போய்ச் சேந்ததும் மொத வேலை இதுதானுங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டான். மாட்டேன் என்று சொல்லவில்லை. தரணி சொன்னது சரிதான்.

ஆக நானும் தொண்டர் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு துடைப்பம் எடுத்தேன். சும்மா உட்கார்ந்திருந்தால் எனக்குத் தலைவலி வரும்.

அவர்கள் வேலை செய்யும் முறை இது. நடப்பவர்கள் அன்றைக்கு வந்து சேர வேண்டிய மண்டபத்தில் இவர்கள் முன்கூட்டியே இறங்கிவிடுகிறார்கள். மாலையிலும் விடிகாலையிலும் சாலையின் ஓரத்தில் போட்டிருக்கும் வெள்ளைக் கோட்டை ஒட்டிக் கூட்டுகிறார்கள். கருவேல முள், நெருஞ்சி, உடைந்த பாட்டில் எல்லாம் தார்ச் சாலையை விட்டு ஓரத்து மண்ணுக்குப் போகும். பின்னாலேயே காந்த வண்டி. வெயில் ஏறியதும் மண்டபத்துக்குத் திரும்பித் தூக்கம். எல்லோர் காலிலும் தடித்த ஷூ. கிராமங்களில் யாராவது மோர் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒரு கோழிப் பண்ணைக்காரர் எல்லோருக்கும் முட்டை அவித்துக் கொண்டுவந்துவிட்டு, பாதைக்கு வருகிறவர்கள் விரதம் என்று தெரிந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டு, வாழைப்பழத்தோடு திரும்பி வந்தார். காற்றாலைகள் சோம்பலாகச் சுற்றின. எங்கள் ஊரிலும் தைப்பூசம் பெரிதுதான். காவடி வருகிற சாலையில் தண்ணீர் பீய்ச்சுவார்கள், போலீஸ் நிற்கும், கூட்டம் போன பிறகு நகராட்சி வண்டி வந்து குப்பையை அள்ளும். கூட்டம் வருவதற்கு முன்னால் ஒருவர் முள் பொறுக்கி வைப்பதை நான் இங்கேதான் பார்த்தேன். அதுவும் கைபேசியை விட்டுத் தலை தூக்காத வயது என்று நாம் சொல்கிற வயதில்.

மாலையில் நடப்பவர்கள் வந்து சேர்ந்தபோது கார்த்தி வாசலில் நின்று ஒவ்வொருவரிடமும் கேட்டான்: "பாதை எப்படிங்க இருந்துச்சு?"

"ரொம்ப நல்லா இருந்துச்சு கண்ணு."

"பூ மேல நடந்தாப்ல இருந்துச்சு, போ" என்றார் வெள்ளைத் தலைப்பாகை கட்டிய ஒரு பெரியவர். கார்த்திக்கு வாயெல்லாம் பல். தரணி தன் அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, இரண்டு பாதத்தையும் கைபேசி வெளிச்சத்தில் விரல் இடுக்கு முதற்கொண்டு பார்த்தாள். ஒன்றுமில்லை. அவள் விட்ட மூச்சு எனக்குக் கேட்டது.

மூன்றாம் நாள் மத்தியானம், எல்லோரும் மண்டபத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தபோது எனக்குக் காபி வேண்டியிருந்தது. பேக்கரியைத் தேடித் தனியாகச் சாலையில் இறங்கினேன். கொஞ்ச தூரம் போனதும் என் செருப்பின் வார் அறுந்தது. ஈப்போவில் பேரம் பேசி வாங்கிய செருப்பு. என்னைப் பழிவாங்க இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்திருந்தது. கையில் எடுத்துக்கொண்டு தாரில் கால் வைத்தேன். அம்மா! தை மாதம்தானே என்று நினைத்தது தப்பு. தோசைக்கல்லில் நிற்பது மாதிரி இருந்தது. நாலு எட்டு குதித்துவிட்டு, யோசிக்காமல் ஓரத்து மண்ணில் இறங்கினேன். அடுத்த நொடி குதிகாலில் சுருக்கென்று ஏறியது. பிடுங்கிப் பார்த்தால் சுருண்ட இரும்புப் பிசிறு. இன்னொரு காலில் நெருஞ்சி.

ஒற்றைக் காலில் நின்றபடி நிமிர்ந்து பார்த்தேன். மத்தியானச் சாப்பாடு போடும் பந்தல் எங்கள் மண்டபத்தை ஒட்டி இருந்ததால், நடப்பவர்களில் கொஞ்சம் பேர் வெயிலைப் பொருட்படுத்தாமல் வந்துகொண்டிருந்தார்கள். ஒருவர்கூடத் தாரில் இல்லை. எல்லோரும் மண்ணில். நாங்கள் துடைத்து வைத்த வெள்ளைக் கோட்டோரம் சுத்தமாக, காலியாக, பளபளவென்று கிடந்தது. அங்கிருந்து நாங்கள் தள்ளிய முள்ளெல்லாம் அவர்கள் நடக்கும் மண்ணில் இருந்தது. காந்த வண்டியின் சக்கரம் மணலில் புதையும் என்று அதை நாங்கள் மண்ணில் இறக்கியதே இல்லை.

முன்னால் வந்தவர் நின்று ஊக்கால் காலில் முள் எடுத்துக்கொண்டிருந்தார். என் கழுத்தில் தொங்கிய தொண்டர் அட்டையைப் பார்த்ததும் முள்ளைச் சட்டென்று உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு சிரித்தார்.

"பாதை ரொம்ப நல்லா இருக்குதுங்க அம்மிணி. புள்ளைக பாடுபட்டிருக்குதுக."

எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. இத்தனை மரியாதை உள்ள ஜனங்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது? போன வருஷம் முழுக்க இப்படியே சொல்லியிருக்கிறார்கள். பாதை கூட்டியவர்கள் வெயில் நேரத்தில் தூங்கினார்கள், வெயிலில் நடந்தவர்கள் வாயைத் திறக்கவில்லை.

மண்டபத்துக்கு ஓடி, தரணியை உலுக்கி எழுப்பி, இரும்புப் பிசிறை அவள் கையில் வைத்து விஷயத்தைச் சொன்னேன். அவள் அதையே பார்த்தாள். பிறகு, "அம்மா இப்ப மண்ணுலதான் வந்துட்டிருப்பாங்க" என்றாள். "நான் கூட்டி வெச்ச முள்ளு மேல."

மயிலாத்தாவின் கைபேசி மூட்டைகளோடு டெம்போவில் கிடந்தது. கார்த்தி மொபெட்டை எடுத்துக்கொண்டு பறந்தான். மற்றவர்கள் துடைப்பத்தோடு சாலைக்கு ஓடினார்கள். தரணி ஷூவையும் சாக்ஸையும் கழற்றி எறிந்தாள். "மணலுக்குள்ள இருக்கறது கண்ணுக்குத் தெரியாதுங்க்கா. மிதிச்சாத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு வெறுங்காலோடு மண்ணில் இறங்கினாள். மிதிப்பாள், நிற்பாள், குனிந்து பிடுங்கி வேலிப் பக்கம் வீசுவாள், மறுபடி மிதிப்பாள். தடுத்துப் பார்த்தேன். காதில் வாங்கவில்லை. அறுந்த செருப்பைச் சணல் கயிற்றால் காலோடு கட்டிக்கொண்டு பின்னாலேயே பையைத் தூக்கிக்கொண்டு போனேன்.

கார்த்தி எதிரே திரும்பி வந்தான். முகம் தொங்கியிருந்தது. அம்மாவைப் பார்த்தானாம். "சித்த ஒக்காருங்கம்மான்னு சொன்னேனுங்க. 'ஆகட்டும் கண்ணு, நீ வெயில்ல நிக்காத, போ'ன்னுட்டு நடந்துட்டே இருக்கறாங்க. அதுக்கு மேல எப்படீங்க சொல்றது?" என்றான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் தண்டு கையில் இருந்திருந்தால் அவன் தலையில் ஒன்று வைத்திருப்பேன்.

ஒரு புளியமரத்தடியில் மயிலாத்தாவைப் பிடித்தோம். தரணி அவரை வேரின் மேல் உட்காரவைத்துக் காலைத் தூக்கி மடியில் வைத்தாள். இடது குதிகாலில், காய்த்துப்போன தோலில், ஒரு சுருள் குத்திக்கொண்டு நின்றது. எங்கிருந்து கூடவே வந்ததோ. மயிலாத்தா, "என்னம்மிணி, ஏதாச்சும் இருக்குதா?" என்று சாதாரணமாகக் கேட்டார். தரணி காலைப் பிடித்துக்கொள்ள, நான் பிடுங்கினேன். தண்ணீர் ஊற்றிக் கழுவி, அழுத்தி அழுத்திப் பார்த்தோம். ரத்தம் வரவில்லை. தடித்த தோலோடு நின்றுவிட்டிருக்கிறது. இன்னும் கொஞ்சம் நடந்திருந்தால் நின்றிருக்காது.

தரணி அப்படியே மண்ணில் உட்கார்ந்து காலை நீட்டிவிட்டு அழுதாள். அப்போதுதான் மயிலாத்தா அவள் பாதங்களைப் பார்த்தார். நாலைந்து இடத்தில் கிழிந்து, மண்ணும் ரத்தமுமாக ஒட்டிக் கிடந்தது.

"என்ன கண்ணு கால் இது?"

"நீ வார பாதைதாம்மா. நடந்து பாத்தேன்."

கூட வந்தவர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். மயிலாத்தா குனிந்து மகளின் காலில் இருந்த முள்ளை நகத்தால் கிள்ளி எடுத்தார். எடுக்க எடுக்க அவர்தான் பல்லைக் கடித்துக்கொண்டார். தன் காலில் எது குத்தினாலும் தெரியாதவருக்கு மகளின் காலில் எடுத்த முள் ஒவ்வொன்றும் வலித்தது.

"அந்தச் செருப்பு எங்க?" என்றார்.

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

"உன்ற ரத்தம் நிக்கோணும்னுதான் வேண்டிக்கிட்டேன். அது ரோட்டுல கொட்டறதுக்கா?" நீலச் செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்து நின்றார். "முருகன் கேட்டா நாஞ் சொல்லிக்கறேன். நீ மொதல்ல போய் உன்ற ஷூவைப் போடு."

தரணி மொபெட்டில் ஏறினாள். நான் மயிலாத்தாவோடு நடந்தேன். அவரது செருப்பு தொப்புத் தொப்பென்று அடித்தது, என்னுடையது கயிற்றோடு இழுத்தது. தைப்பூசத்துக்கு ஊர் திரும்பவில்லை என்று தங்கை அழைத்துத் திட்டியபோதுதான் நான் எதற்காக வந்தேன் என்பதே ஞாபகம் வந்தது. பழனி போய்ப் பட்டறைக்குத் திரும்பியதும் கார்த்தி சொன்னபடியே தண்டைக் கடைந்து கொடுத்தான், புதிது தோற்றுப்போகும். ஆனால் எனக்கு அதைவிட அன்றைய சாயங்காலம்தான் நினைவில் நிற்கிறது.

எல்லோரும் மண்டபத்துக்கு வந்து சேர்ந்துகொண்டிருந்தார்கள். கார்த்தி வாசலில் நின்றான். நடந்ததெல்லாம் தெரிந்தும், பழக்க தோஷம், அதே கேள்வியைத்தான் கேட்டான்.

"பாதை எப்படிங்க இருந்துச்சு?"

"ரொம்ப நல்லா..." என்று தலைப்பாகைப் பெரியவர் ஆரம்பித்தார்.

"சித்த நிறுத்துங்க." மயிலாத்தா செருப்புச் சத்தத்தோடு முன்னால் வந்தார். "நல்லா இருந்துச்சு நல்லா இருந்துச்சுன்னு சொல்லியே இந்தப் புள்ளைகளை ஏமாத்திப்போட்டோம். வாயில சொல்ல வேண்டாம். எல்லாரும் ஒக்காந்து காலைத் திருப்பிக் காட்டுங்க."

நாற்பது ஐம்பது பேர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்டவர்கள் மாதிரி. பிறகு அந்தப் பெரியவர் மெல்லச் சுவரோரமாக உட்கார்ந்தார். வேட்டியை ஒதுக்கிக்கொண்டு, கார்த்தியின் முகத்தைப் பார்க்காமல், பாதத்தைத் திருப்பினார். அவருக்குப் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்தாள். அப்புறம் ஒவ்வொருவராக. மண்டபத்தின் சுவர் முழுக்கப் பாதங்கள்.

கார்த்தி விளக்கைப் போட்டான். தரணி தண்ணீர்க் குடத்தைக் கொண்டுவந்து வைத்தாள். நான் துப்பட்டாவில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றிக்கொண்டு, பெரியவரின் காலடியில் உட்கார்ந்தேன்.